கண்ணுக்கு நேரே ஒரு குழாய்

டிரைவரம்மாவை ஏரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லாத ஆள் எங்கள் தெருவில் பாக்கி கிடையாது. பால்காரர் சொன்னார். லாண்டரிக் கடைக்காரர் சொன்னார். மாடிவீட்டு வாத்தியார்கூடச் சொன்னார். சொந்த வீட்டுப் படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். எல்லோருக்கும் நல்ல மனசுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு அந்த அக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நான் என்ன கேஸ் சிலிண்டரா, ஆளாளுக்குத் தூக்கறதுக்கு?" என்று கேட்டாள். கேட்டது என்னிடம். நான் அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். என் தையல் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே அவள் புருஷனுடைய வெல்டிங் பட்டறை. அவர் கிரைண்டரைப் போட்டால் என் வீட்டுத் தட்டு டம்ளரெல்லாம் ஆடும். தைத்துத் தொங்கவிட்ட திரைச்சீலைகளில் பொறி பட்டு ஓட்டை விழுந்ததற்கு அந்த மனிதரோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. சண்டை போட்ட அன்று சாயங்காலமே அக்கா எதையாவது பொரித்து ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பிவிடுவாள். பிறகு எங்கே கோபப்படுவது?

பொரித்து என்றால் மீன்தான். வேறு என்ன? அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டினவள். காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, லீவு நாள் வந்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவாள். பொம்பளைக்கு என்ன தூண்டில் என்று ஆரம்பத்தில் ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேசினவர்கள் வீட்டுக்கும் மீன் போனது. பேச்சு நின்றது. அவளுக்குப் பிடித்தது மீன்கூட இல்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வாரம் முழுக்க நாற்பது பிள்ளைகளின் கத்தலைக் கேட்ட காது. தக்கை தண்ணீரில் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அந்த ஏரியில்தான் விழுந்தாள். தண்ணீரில் இல்லை, படியில். கரையில் பழைய கல்படிகள் உண்டு, பாசி பிடித்தவை. மழை விட்ட ஒரு காலை, மீன் கூடையோடு ஏறும்போது வழுக்கி, முதுகு படி விளிம்பில் அடித்து, இடுப்பு வரைக்கும் தண்ணீரில் கிடந்தாள். பக்கத்துக் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் ஓடிவந்து சொல்ல, வெல்டர் அண்ணன் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினார். அவர்தான் தூக்கிவந்தார். தூக்கியிருக்கக் கூடாது, பலகையில் வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தர் சொன்னார்; தூக்கினதால் ஒன்றும் ஆகவில்லை, விழுந்தபோதே ஆனதுதான் என்று பெரிய டாக்டர் சொன்னார். அண்ணன் காதில் இரண்டாவது சொன்னது ஏறவேயில்லை.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வேன் போனது. சக்கர நாற்காலி வந்தது. அதை நாற்காலி என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. "என் வண்டிய எடு" என்பாள். வாசலில் அண்ணன் இரும்புத் தகட்டில் ஒரு சரிவு செய்து வைத்தார். தெருமுனை வரைக்கும் அவளே ஓட்டிக்கொண்டு போவாள், காய்கறிக்காரனிடம் பேரம் பேசுவாள், திரும்புவாள். அதற்குமேல் போக முடியாது. ஏரிக்கு இறங்கப் படிதான்.

ஒரே ஒரு தடவை தூக்கிக்கொண்டு போகச் சம்மதித்தாள். அண்ணனும், அவர்கள் மகளோடு பேக்கரியில் வேலை பார்க்கும் பையன்களும் சேர்ந்து, சோபாவைத் தூக்குவதுபோல நாற்காலியோடு தூக்கிப் படி இறக்கினார்கள். நடக்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று உச்சுக்கொட்டினார்கள். போய்ச் சேர்ந்து தூண்டிலைப் போட்டால், பையன்களுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டார்கள். மீன் இப்போதுதான் மோந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறது, இவளைத் தூக்கிவிட்டார்கள்.

அன்று என்னிடம் சொன்னாள்: "தங்கச்சி, தூக்கிட்டுப் போறவங்க பாவம், நல்லவங்கதான். ஆனா அவங்களுக்குக் கை ஓய்ஞ்சா நான் போகணும், அவங்களுக்குப் பசிச்சா நான் திரும்பணும். நானா போயி, நானா வரணும். இல்லேன்னா எனக்கு ஏரியே வேணாம்."

அப்படிச் சொன்னவள்தான், ஆனால் காலையில் ஏரிப்பக்கமிருந்து காற்று வீசினால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சியில் ஏரிக்கரையைச் சீர்செய்யப் போவதாகப் பேச்சு வந்தது. நடைபாதை, பெஞ்சு, விளக்கு, அதோடு தண்ணீருக்குமேல் நீட்டினாற்போல ஒரு மேடை, சக்கர நாற்காலி போகச் சரிவு. முதலில் நான் நம்பவில்லை. பிறகு ஒருநாள் ஒரு இன்ஜினியர் பெண் வீடு தேடியே வந்தாள். வயிற்றில் ஆறேழு மாதம் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு அக்கா எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, தரையிலயா உக்கார்றது? இந்த ஸ்டூல எடுத்துக்கம்மா" என்றாள் அக்கா.

"பரவால்லக்கா. கீழ இருந்தாத்தான் சரியா தெரியும். தூண்டில் வீசற மாதிரி கொஞ்சம் வீசிக் காட்டுங்களேன்."

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மூலையில் தூசி படிந்து கிடந்த தூண்டிலை எடுத்துவரச் சொல்லி, கூடத்தில் வைத்து வீசினாள். முள் போய் என் பாவாடையில் மாட்டியது. "பெரிய மீனா மாட்டியிருக்கு!" என்று அவள் மகள் சிரித்தாள். இன்ஜினியர் பெண் முழங்கை எங்கே வருகிறது, கண் எங்கே வருகிறது என்றெல்லாம் அளந்து எழுதிக்கொண்டாள். போகும்போது, தனக்கு லீவு ஆரம்பிக்கப்போவதாகவும், படம் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவதாகவும் சொன்னாள்.

கைப்பிடிக் கம்பி வேலை வெல்டர் அண்ணனுக்கே வந்தது. அவர் வேலை சுத்தமாக இருக்கும் என்று காண்ட்ராக்டருக்குத் தெரியும். அந்த நாட்களில் அந்த மனிதர் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே! தகரக் கூரையடியில் வெயில் கொதிக்கும்; அதில் அந்த முகமூடியையும் போட்டுக்கொண்டு, குழாயை அறுத்து, வளைத்து, பற்றவைத்து, பற்றவைத்த இடத்தை வழவழவென்று தேய்த்து, விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். ஏதாவது பிசிறு இருந்தால் மறுபடி தேய்ப்பார். செங்காவிப் பெயிண்ட் இரண்டு தடவை அடித்தார். நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"ஏண்ணே, கல்யாணப் பொண்ணுக்கு நகை செய்றீங்களா, கம்பி செய்றீங்களா?"

"உங்க அக்கா கை படப்போற எடம் தங்கச்சி. கீறிடக் கூடாது."

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். மகள் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பட்டறையிலேயே நின்றுகொண்டு தின்பார். அக்கா உள்ளேயிருந்து, "ஏங்க, இரும்புத்தூளையும் சேத்துத் திங்காதீங்க" என்று குரல் கொடுப்பாள். அந்த வீட்டில் அப்படி ஒரு கலகலப்பைப் பார்த்து நாளாகியிருந்தது. கம்பி அடைப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று, அக்கா ஆசையாகக் கேட்டாள், ஒன்றையாவது நிமிர்த்திக் காட்டச் சொல்லி. "அங்க வந்து பாரு, இப்ப என்ன அவசரம்" என்று சொல்லிவிட்டார். ஆச்சரியம் வைத்திருக்கிறாராக்கும் என்று நானும் நினைத்தேன்.

திறப்பு நாள் வந்தது. கவுன்சிலர் வந்தார், ரிப்பன் கட்டினார்கள், ஒலிபெருக்கி கரகரத்தது. சரிவு அருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வளைந்து வளைந்து, மெதுவாக இறங்கியது. அக்கா யாரையும் தொடவிடவில்லை. நான் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மடியில் தூண்டிலும் புழு டப்பாவுமாக, சக்கரத்தைக் கையால் பிடித்துப் பிடித்து இறங்கினாள். திருப்பத்தில் என்னைப் பார்த்து, "ஹாரன் ஒண்ணுதான் இல்ல" என்றாள். எனக்கு அங்கேயே கண்ணில் நீர் கட்டிவிட்டது.

மேடையின் முனைக்குப் போனாள். நின்றாள்.

மேல்குழாய் சரியாக அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அதற்குக் கீழே நெருக்கமாகக் கம்பிகள், மேலே வானம். கழுத்தை நீட்டிப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். தூண்டிலைக் குழாய்க்கு மேலே தூக்கினாள், முழங்கை இடித்தது. சரி என்று கையைத் தலைக்குமேல் உயர்த்தி ஒரு வீசு வீசினாள். முள் மேல்குழாயிலேயே சுற்றிக்கொண்டது. பின்னாலிருந்து ஜனங்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அவளுடைய முதுகுதானே தெரிந்தது. கவுன்சிலர் பக்கத்தில் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அக்கா சிரித்தாள். எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். வேனில் பிள்ளை வாந்தி எடுத்துவைத்ததற்கு அதன் அம்மா மன்னிப்புக் கேட்கும்போது சிரிப்பாளே, அது.

தூண்டில் நரம்பை வாயால் கடித்து அறுத்தாள். முள் குழாயிலேயே தொங்கியது. "போலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். அண்ணன் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். ஆறி ஆடை கட்டியது. நான் துவைத்த துணியை மடிக்கிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம்தான், மனசு வரவில்லை.

"பிடிக்கலையா?" என்று கடைசியில் அண்ணன் கேட்டார்.

அக்கா திரும்பினாள். "உன் வேலைய எப்பவாவது குறை சொல்லியிருக்கேனா?" கோபம் வந்தால் அவளுக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். "நல்லா இருக்கு. வழவழன்னு இருக்கு. ஜெயில்ல சொந்தக்காரங்களப் பாக்கற மாதிரி ஏரியப் பாத்துட்டு வந்தேன்."

"ஏய், என்ன பேச்சு இது?"

"அந்தப் பொண்ணு தரையில உக்காந்து அளந்துட்டுப் போனாளே, அந்த அளவு எங்க? இந்தக் கூடத்துல வச்சு வீசிக் காட்டினேனே, நீயும் பாத்துக்கிட்டுதானே நின்னே?"

"படத்துல ரொம்பத் தாழ்வா போட்டிருந்துச்சு. முழங்காலுக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு மேல ஒரு சாய்வுப் பலகை வேற. இதென்ன கம்பியா, கடை மேசையான்னு தோணுச்சு. பொண்ணு ஏதோ தப்பா எழுதிட்டான்னு நெனச்சேன். காண்ட்ராக்டர்கிட்டச் சொன்னேன். உசரமா இருந்தா நல்லதுதானே, யார் கேக்கப்போறான்னாரு. என் சொந்தக் குழாயப் போட்டு ஏத்துனேன்."

"தப்பா எழுதிட்டான்னு நெனச்சியா, இல்ல தப்பா இருக்கணும்னு ஆசப்பட்டியா?"

எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே பேசக் கூடாதுதான், வாய் நிற்கவில்லை.

"ஏண்ணே, நான் தைக்கிறவ, கேக்கறேன். சட்டை போடறது ஒருத்தர், அளவு கொடுக்கறது இன்னொருத்தரா? உங்க நெஞ்சு உசரத்துக்கு வச்சுட்டு வந்திருக்கீங்களே!"

"நீ சும்மா இரு தங்கச்சி!" கத்தியே விட்டார். இத்தனை வருஷத்தில் திரைச்சீலைச் சண்டையில்கூட அப்படிக் கத்தியதில்லை. பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார். குரல் இறங்கிவிட்டது. "ஆசப்பட்டேன். ஆமா. என்ன செய்யச் சொல்றே? அன்னிக்கு அந்தப் படியில உன்னப் பாத்தது நான். பாதி ஒடம்பு தண்ணிக்குள்ள. உன் காலு தண்ணியில ஆடிக்கிட்டு இருந்துச்சு. நீ ஆட்டல, தண்ணி ஆட்டுச்சு. ராத்திரி கண்ண மூடினா அதான் வருது. அதே ஏரியில, முழங்கால் உசரக் கம்பிக்குப் பின்னால உன்ன உக்கார வைக்கணுமா நான்? என் கையால?"

"விழுந்தது நான்" என்றாள் அக்கா. "எனக்கே பயம் இல்ல."

"எனக்கு இருக்கே!"

"இருந்தா நீ வச்சுக்க. உன் பயத்துக்கு என் கண்ண ஏன் மறைக்கிறே?"

இதற்குமேல் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை. அக்கா மகளைக் கூப்பிட்டுத்தான் உப்பு கேட்டாள், அண்ணன் மகளைக் கூப்பிட்டுத்தான் சட்டை கேட்டார். அந்தப் பெண் என்னிடம் வந்து அழுதது. "நான் என்ன சித்தி, தபால்காரியா?" என்றது. நான் என்ன சொல்வது? இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதுதான் வயிற்றெரிச்சல். ஒருத்தர் அயோக்கியனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

மழை இரண்டு நாள் பிடித்துக்கொண்டு விட்டது. விட்ட மறுநாள் காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"வா, ஏரி வரைக்கும் போயிட்டு வரலாம்."

"தூண்டில் எடுக்கலையா?"

"வேணாம். சும்மா."

போனோம். மேடையில் ஆள் இல்லை. முனைக்குப் போய் பிரேக்கைப் போட்டாள். நான் கரைப்பக்கம் திரும்பி, புதுசாக நட்டிருந்த செடியில் எத்தனை பிழைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினேன். மேல்குழாயை இரண்டு கையாலும் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டீரிங் பிடித்த கை, சும்மாவா? அக்குள் குழாய்க்கு மேலே போய்விட்டது. உடம்பு பாதி தண்ணீர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. கால் செருப்பு நாற்காலியின் கால்பலகையில் மாட்டி இழுத்ததில் நாற்காலி ஒருபக்கமாகத் திரும்பிவிட்டது. இனி அவள் கையை விட்டால் உட்கார இடமில்லை, சிமெண்டில்தான் விழ வேண்டும்.

"ஐயோ அக்கா!" ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"கத்தாதே. இடுப்பப் பிடிச்சா எனக்கு ஒண்ணும் தெரியாது. நெஞ்சுக்கிட்டப் பிடி."

பிடித்தேன். கனம் தாங்கவில்லை. நாற்காலியைத் திருப்ப எனக்கு மூன்றாவது கை இல்லை. அப்போது சரிவில் தடதடவென்று காலடிச் சத்தம். அண்ணன்தான். அவர் அன்று மட்டும் இல்லை, அக்கா வெளியே போன நாளெல்லாம் தூரத்தில் பின்னாலேயே வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், எங்களுக்குத்தான் தெரியாது. வந்தவர் அவளைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்தார்.

"விட்டுடாதே, பிடிச்சுக்க, பிடிச்சுக்க…"

"நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. எறக்கிடாதீங்க."

"என்னடி சொல்றே?"

"பாத்துக்கறேன்."

அவள் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்தேன். மழைத் தண்ணீர் வந்து சேர்ந்து ஏரி நிறைந்திருந்தது. காற்றில் சின்னச் சின்ன அலை. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கச் சொல்லவில்லை. அண்ணன் அவள் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அவர் அழுகிறார் என்று தோள் குலுங்குவதில் தெரிந்தது. நான் நாற்காலியைத் திருப்பி அடியில் தள்ளினேன். இரண்டு பேருமாக உட்கார வைத்தோம்.

"இப்படித்தான் ஏறிப் பாப்பியா? தெனமும்?" என்று கேட்டார்.

"வேற எப்படிப் பாக்கறது?"

"அறுத்துடறேன்" என்றார் அண்ணன். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த உசரம்தான் உன்ன விழ வைக்கும். அறுத்துடறேன்."

ஆனால் நகராட்சிக் கம்பியை நினைத்த நேரத்தில் அறுக்க முடியுமா? மகள் அந்த இன்ஜினியர் பெண்ணின் நம்பரைத் தேடிப்பிடித்துப் பேசினாள். லீவில் இருந்தவள், பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, இருந்தாலும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். மேடையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு அவள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம். அந்த ஆள் அண்ணனைக் கைகாட்டினார். அண்ணன் ஒளிக்கவில்லை.

"தப்பு என்னுதுதாம்மா. நீங்க போட்ட அளவ நான் மாத்திட்டேன்."

"அந்தச் சாய்வுப் பலகையாவது வச்சிருக்கலாமேண்ணே? அது அழகுக்கு இல்ல. அகலமா இருக்கறதால சின்னப் பிள்ளைங்க ஏறி அந்தப் பக்கம் எட்ட முடியாது. இவங்க அதுமேல கையை ஊனிக்கலாம், தூண்டிலச் சாத்தி வைக்கலாம். கீழ ஒரு வரம்பு போட்டிருந்தேனே, சக்கரம் உருளாம தடுக்கறதுக்கு?"

"அதையும் விட்டுட்டேன்" என்றார். தலை நிமிரவில்லை. "உசரமா கம்பி இருக்கறப்ப வரம்பு எதுக்குன்னு…"

நடக்க வந்த பெண்கள் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். தாழ்த்தினால் பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்றார்கள். அவர்கள் பயமும் பயம்தானே. இன்ஜினியர் பெண் பொறுமையாகச் சொன்னாள்: மேடை முழுக்க இல்லை, முனையில் இரண்டு நாற்காலி நிற்கிற அளவுக்கு மட்டும்தான் தாழ்வு, மற்ற இடமெல்லாம் உயரமாகவே இருக்கும். ஒருத்தி சரி என்றாள். இன்னொருத்தி முணுமுணுத்துக்கொண்டே போனாள். இன்றைக்கும் அவள் அந்தப் பக்கம் பிள்ளையை விடுவதில்லை.

அண்ணன் கிரைண்டரை எடுத்துவந்தார். தான் தடவித் தடவிச் செய்த குழாயைத் தானே அறுத்தார். பொறி தண்ணீரில் விழுந்து விழுந்து அணைந்தது. இன்ஜினியர் பெண் பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கீழே இறக்கினாள். ஒவ்வொரு தடவையும் அவர், "போதுமா?" என்பார். "இல்லண்ணே" என்பாள். கடைசியில் அந்தத் தாழ்வைப் பார்த்தபோது எனக்கே பயமாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அவர் பற்றவைத்தார். வரம்பைப் போட்டார். மரப்பலகையைச் சாய்த்து இறுக்கினார். இறுக்கியபின் ஏறி உட்கார்ந்து, குதித்து, உதைத்துப் பார்த்தார். மறுவாரம் அந்தப் பெண்ணுக்கு மகள் பிறந்தாள் என்று சேதி வந்தது.

பெயிண்ட் காய்ந்ததும் போனோம். வெயில் ஏறாத காலை. கவுன்சிலர் இல்லை, ரிப்பன் இல்லை. அக்கா சரிவில் இறங்கினாள். முனைக்குப் போனாள். முன்சக்கரம் வரம்பில் முட்டி நின்றது. பலகைமேல் முழங்கையை வைத்தாள். ஏரி முழுசாக அவள் எதிரே கிடந்தது. நான் மூக்கைச் சிந்தினேன்.

புழுவை மாட்டினாள். தூண்டிலைத் தூக்கினாள். இறக்கினாள்.

"கைய எடுங்க" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். அண்ணன் நாற்காலியின் பின்கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் முட்டி வெளுத்திருந்தது.

"பிரேக் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"ரெண்டு பக்கமும்?"

"ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் ஏத்திட்டுப் போனவகிட்ட வந்து பிரேக் போட்டியான்னு கேக்கறீங்களே. கைய எடுங்க. நீங்க பிடிச்சா நான் வீச முடியாது."

"தண்ணி நெறைய இருக்கு…"

"தெரியுது. இப்பத்தானே தெரியுது."

ஒரு கையை எடுத்தார். இன்னொன்றை எடுக்க நேரம் பிடித்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. தூண்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே காத்திருந்தாள். அதையும் எடுத்தார். எடுத்த கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப்பையில் விட்டார், வெளியே எடுத்தார், பின்னால் கட்டிக்கொண்டார்.

அக்கா வீசினாள். நரம்பு விர்ரென்று போனது. தக்கை தூரத்தில் விழுந்து, ஒரு தடவை முழுகி, எழுந்து நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் மூச்சே விடவில்லை.

நேரம் போனது. வெயில் எங்கள் முதுகுப்பக்கம் ஏறியது. அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஏங்க" என்றாள் அக்கா, திரும்பாமல்.

ஒரே எட்டில் பாய்ந்து வந்தார். "என்ன? வலிக்குதா? போயிடலாமா?"

"தள்ளிப் போயி உக்காருங்க. உங்க நெழலு தண்ணியில விழுது. மீனு எப்படி வரும்?"

அண்ணன் அவளைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு மேடையைத் தாண்டிக் கரைக்கே போய், பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

"கேட்டியா தங்கச்சி? என்னத் தள்ளிப் போகச் சொல்றா!"

"பேச்சும் கூடாது!" என்று அக்கா அங்கிருந்தே அதட்டினாள்.